முதல் குண்டு

ஈழத்தில் இதை இடியன் துவக்கு என்பார்கள். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடும் துப்பாக்கி. நம் மலையோர ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதும் இந்த வகைதான். எனக்கு இடியன் என்ற பெயர் பிடித்துப்போனது. செய்கிற வேலை பெயரிலேயே கேட்கிறது. அமெரிக்காவில் இந்தத் துப்பாக்கி இன்னும் மான் வேட்டைக்குப் பயன்படுகிறது. பல மாநிலங்களில் இதற்கென்றே தனிப் பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மலைக்குப் போய்விடும். ஆகவே இடியனோடு காட்டுக்குப் போகிறவன் ஒரே ஒரு குண்டோடு போகிறான் என்றே சொல்லலாம்.

சான் ஹோசேயில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடம் லேத் பட்டறையில் நின்றவர். ஓய்வுபெற்ற பிறகும் சட்டைப் பையில் மைக்ரோமீட்டர் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. ஒரு கோடையின் தொடக்கத்தில் வேலியோரம் நின்று கேட்டார்: செம்புக் குண்டுகளைச் சோதிக்கப் போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து எழுதித்தர ஓர் ஆள் வேண்டும், சனிக்கிழமைகளில் வர முடியுமா? நான் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியைத் தொட்டதும் இல்லை. ஆனால் ஒரு பொருளை ஒரு மனிதர் எப்படிச் சோதிக்கிறார் என்று பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஆசை உண்டு. பத்து சனிக்கிழமைகள் போனேன். அந்தப் பத்து நாளில் பார்த்ததும் அதையொட்டிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

சுடும் மைதானம் ஹாலிஸ்டருக்குத் தெற்கே, காய்ந்த புல் மூடிய குன்றுகளுக்கு நடுவில். சிமெண்டு மேசை, மணல் மூட்டை, நூறு கஜம் தள்ளி மண்மேட்டின் முன்னால் காகிதக் குறி. அவர் மேசைமேல் பொருள்களைப் பரப்பும் விதமே ஒரு பூசை முறைபோல இருக்கும். மருந்து அளக்கும் பித்தளைக் குழாய். குண்டு டப்பா. பழைய பருத்திச் சட்டையிலிருந்து வெட்டிய துணித் துண்டுகள். இடிக்கும் கம்பி. அந்தக் கம்பியில் ஓரிடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. குண்டு மருந்தின்மேல் சரியாக உட்கார்ந்தால் டேப் குழலின் வாயோடு ஒட்டி நிற்கும். டேப் வெளியே தெரிந்தால் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். அப்படிச் சுட்டால் குழலே வெடிக்கலாம். ஒவ்வொரு முறையும் குனிந்து அந்த டேப்பைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

முதல் நாள் ஒரு குண்டை என் உள்ளங்கையில் வைத்தார். விரல்நுனி அளவு செம்பு, முனையில் ஆழமான குழி. எடை 250 கிரெய்ன் என்றார். வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து பிறந்த அளவு அது, நம் தட்டார்களின் குன்றிமணிபோல. கிராமில் 16-க்குச் சற்று மேல். இரண்டு பவுன். கையில் வைத்த உடனே எனக்குத் தோன்றியது அதுதான்: இரண்டு பவுன் சங்கிலியின் கனம். இத்தனை சிறிய கனத்தை நம்பி ஓர் உயிரை வலியில்லாமல் முடிக்க முடியும் என்று ஒருவர் தீர்மானிக்கிறார் என்றால், அந்தத் தீர்மானத்துக்கு எவ்வளவு ஆதாரம் வேண்டும்?

அவர் பரம்பரையாக ஈயம் சுட்டவர். தமிழில் ஈயம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். துப்பாக்கிக் குண்டு காரீயம். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகு அடுப்பே போதும். அவருடைய தகப்பனார் வைத்திருந்த குண்டு வார்க்கும் அச்சு இன்னும் அவர் கார் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. இடுக்கிபோல இரண்டு பாதியாகத் திறக்கும். 1804-இல் மேற்குக் கடலைத் தேடிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினர் வெடிமருந்தை ஈயக் குப்பிகளில் அடைத்து எடுத்துப் போனார்கள். மருந்து தீர்ந்ததும் குப்பியையே உருக்கினால், உள்ளே இருந்த மருந்துக்குத் தேவையான குண்டுகள் கிடைக்கும் என்பது கணக்கு. இதைவிட அழகான சிக்கனத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதை எந்த வேட்டைக்காரனும் முகாம் தீயில் வார்க்க முடியாது. ஈயத்திலிருந்து செம்புக்கு மாறுவது என்றால் தன் குண்டைத் தானே செய்த மனிதன் கடைக்குப் போய் நிற்பது. ஒரு குண்டு ஒரு டாலருக்கு மேல். இந்த இழப்பைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அச்சை மட்டும் கழற்றாமல் வைத்திருக்கிறார்.

ஏன் மாறினார்? சட்டம் வந்தது என்பது பாதிப் பதில்.

மைதானத்திலிருந்து சிறிது தூரத்தில்தான் பின்னக்கிள்ஸ் தேசியப் பூங்கா. அதன் பாறை முகடுகளுக்கு மேல் கலிஃபோர்னியா காண்டோர் பறக்கிறது. நம் பாறு கழுகுபோலச் செத்ததைத் தின்று காட்டைத் துப்புரவாக வைக்கும் பறவை. சிறகு விரித்தால் ஒன்பதரை அடி. 1982-இல் உலகத்தில் மொத்தம் 22 மட்டுமே மிஞ்சியிருந்தன. 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, எல்லாவற்றையும் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 1992 முதல் திரும்பக் காட்டில் விட்டுவருகிறார்கள். விட்ட பறவைகள் செத்துக்கொண்டே இருந்தன. முதன்மைக் காரணம் ஈய நஞ்சு. வேட்டைக்காரன் மானை அறுத்துக் குடலைக் காட்டிலேயே விட்டுவிட்டு இறைச்சியைச் சுமந்து வருவான். அந்தக் குடல் குவியலைத் தேடி காண்டோர் இறங்கும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் ஈயக் குண்டால் சுடப்பட்ட மான்களையும் குடல் குவியல்களையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் ஈயத் துகள்கள். சில குவியல்களில் இருநூறுக்கும் மேல். காண்டோரின் இரைப்பையில் இருக்கும் அமிலம் அந்தத் துகளைக் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடும். பிறகு குடல் அசையாது. வயிறு நிறைய இரை இருக்க, பறவை பட்டினியில் சாகும்.

நமக்கு இது புதிய கதை இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தை அழித்ததை இந்தியாவில் பார்த்தோம். 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைக் காக்க இன்றும் பாடுபடுகிறார்கள். இரண்டு கண்டங்களிலும் ஒரே விதமான தவறு: மனிதன் ஒன்றை நினைத்துச் செய்தது, அவன் கண்ணில் படாத இடத்தில், அவன் நினைக்காத உயிரைப் போய்ச் சேர்ந்தது.

கலிஃபோர்னியா 2007-இல் சட்டம் இயற்றி, 2008 ஜூலை முதல் காண்டோர் வாழும் பகுதிகளில் மான் போன்ற பெரிய விலங்குகளைச் சுட ஈயக் குண்டைத் தடை செய்தது. 2013-இல் இன்னொரு சட்டம். அதன்படி 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் எல்லா வேட்டைக்கும் ஈயம் கூடாது. காகிதத்தை ஈயத்தால் சுடலாம், மானைச் சுடக் கூடாது. பெரியவருக்கு இதில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எக்ஸ்ரே படங்களில் சிதறியது வேகமான நவீன ரைஃபிளின் குண்டு. இடியனின் மெதுவான, கனத்த ஈய உருண்டை அவ்வளவாகச் சிதறுவதில்லை. நான் படித்தவரையில் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் குறைவாகச் சிதறுவது வேறு, சிதறாதது வேறு. ஆண்டுக்கணக்கில் உழைத்து மீட்ட பறவைக்கு முன்னால் அந்த வித்தியாசத்தை வைத்து வாதாடக் கூடாது என்பது என் கருத்து. அவரும் வாதாடவில்லை. ஒருநாள் பூங்காவில், சிறகில் எண் அட்டை மாட்டிய காண்டோர் ஒன்று தன் தலைக்கு மேல் சிறகசைக்காமல் வட்டமிட்டதைப் பார்த்ததாகவும், அதன் நிழல் தன்மேல் விழுந்து கடந்ததாகவும் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

இனி செம்பு என்ற பொருளின் பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். ஈயம் இடியனுக்கென்றே பிறந்த உலோகம். நகத்தால் கீறினால் தடம் விழும் மென்மை. பழைய முறையில், குழலைவிடச் சற்றுச் சிறிய ஈய உருண்டையை எண்ணெய் தடவிய துணியில் சுற்றி உள்ளே தள்ளுவார்கள். குழலின் உட்சுவரில் மரைபோல முறுக்கிக்கொண்டு போகும் பள்ளங்களைத் துணி பற்றிக்கொண்டு உருண்டையைச் சுழற்றும். 1849-இல் பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே இன்னொரு வழி கண்டார். அடிப்பக்கம் குழிவான கூர்முனைக் குண்டு, உள்ளே எளிதாக இறங்கும். மருந்து வெடித்ததும் அடிப்பாகம் விரிந்து பள்ளங்களில் தானே பதியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் களத்தில் பட்ட காயங்களில் பெரும்பங்கு அந்தக் குண்டினுடையது. இரண்டு முறையிலும் வேலை செய்தது ஈயத்தின் இணக்கம்.

செம்பு இணங்காது. விரியச் சொன்னால் விரியாது. கையால் தள்ளி உள்ளே இறக்கும் அளவுக்குத் தளர்வாக இருந்தால் பள்ளங்களைப் பற்றாது. பற்றும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் உள்ளே இறங்காது. இந்த முரணைத் தீர்க்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, குழலைவிடச் சிறிய குண்டைப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றில் உட்காரவைத்து இறக்குவது. சபோ என்று பெயர். மரச் செருப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பிளாஸ்டிக் பள்ளங்களைப் பற்றிக் குண்டைச் சுழற்றும். வாயைத் தாண்டியதும் கழன்று விழும். இன்னொன்று, ஒவ்வொரு குழலின் அளவுக்கும் தகுந்தபடி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் குண்டுகளைக் கடைந்து, எது இறங்குகிறது, எது பிடிக்கிறது என்று வாங்குகிறவரையே பார்க்கச் சொல்வது. கொலராடோவில் இடியன் பருவத்தில் சபோவுக்கு இடமில்லை. அங்கே செம்பு சுடுகிறவர்களுக்கு இரண்டாவது வழி மட்டும்தான். லேத் பட்டறை மனிதருக்கு இந்த ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தாய்மொழி. இரண்டு வகையும் வாங்கிவைத்திருந்தார். நான் பார்க்கச் சோதித்தது சபோ வகையை.

அடுத்தது அடர்த்தி. ஈயம் ஒரு கன சென்டிமீட்டர் 11.34 கிராம், செம்பு 8.96. அதே எடை, அதே பருமன் என்றால் செம்புக் குண்டு கால் பங்குக்கு மேல் நீளமாக இருந்தாக வேண்டும். முனையில் குழி வேறு இருப்பதால் இன்னும் நீளும். நீளமான குண்டு காற்றில் தலைகுப்புறப் புரளாமல் போக அதிக வேகமாகச் சுழல வேண்டும். குட்டைப் பம்பரம் சோம்பலாகச் சுற்றினாலும் நிற்கும், உயரமான பம்பரத்துக்குக் கயிற்றை வலுவாக இழுக்க வேண்டும் என்பதுபோல. 1879-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரீன்ஹில் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். குண்டின் நீளம் கூடக் கூட, குழலின் முறுக்கு நெருக்கமாக வேண்டும். உருண்டை சுடுவதற்கென்று செய்த பழைய குழல்களில் 48 அங்குலத்துக்கோ 66 அங்குலத்துக்கோ ஒரு சுற்றுதான். 1985-இல் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85 துப்பாக்கிக்குப் பின் பெருகிய புதுவகை இடியன்களில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கமானது. தகப்பனார் துப்பாக்கியில் செம்புக் குண்டு போடக் கூடாதா என்று நான் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் ஒரு பழைய காகிதக் குறியை எடுத்துக் காட்டினார். அதில் துளைகள் வட்டமாக இல்லை, சாவித் துவாரம்போல நீண்டிருந்தன. குண்டு படுக்கைவாட்டில் புரண்டுபோய்க் காகிதத்தைக் கிழித்த அடையாளம். அந்தத் துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, 28 அங்குல முறுக்குள்ள புதியதை வாங்கினார். தொலைநோக்கி இல்லை, ஊசித் துளை வழியாகப் பார்த்துக் குறிவைப்பது.

முதல் சனிக்கிழமை. மருந்தைக் கொள்ளளவில் 80, 90, 100 கிரெய்ன் என்று மூன்று விதமாக அளந்து, ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு சுட்டார். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஈரத் துணியால் குழலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, குழல் ஆறும்வரை காத்திருப்பார். சூடான குழலில் சபோவின் பிளாஸ்டிக் இளகிவிடும். புகை கலைந்ததும் திருவிழா வேட்டு போட்ட மண்டபத்தின் வாசனை வந்தது. 90 கிரெய்னில் போட்ட மூன்று துளைகளும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் கிடந்தன. நூறு கஜத்தில், ஊசித் துளைப் பார்வையில்! நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, இது அதிர்ஷ்டம் என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே துப்பாக்கி, ஒரே கை, ஒரே மருந்து. மூன்று மூன்றாகச் சுட்டால் துளைக் கூட்டத்தின் அகலம் சராசரியாக ஓர் அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே துப்பாக்கியில் ஐந்து ஐந்தாகச் சுட்டால் ஒன்றேகால், பத்துப் பத்தாகச் சுட்டால் ஒன்றரைக்கு மேல். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, உண்மை வெளியே வர அவகாசம் கிடைத்திருக்கிறது. மூன்று துளை என்பது தாயக்கட்டையை மூன்று தரம் உருட்டுவதுபோல. மூன்றிலும் தாயம் விழுந்தால் கட்டை நல்ல கட்டை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்று விதமான மருந்தளவில் மும்மூன்று குண்டு சுட்டு, மிகச் சிறிய கூட்டம் எதுவோ அதுவே இந்தத் துப்பாக்கிக்கு உகந்த அளவு என்று உலகம் முழுவதும் சுடுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். சின்னதாக விழுந்த காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். மற்றவை குப்பைக்குப் போகின்றன. செம்பு விலை உயர்ந்தது என்பதால் இந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிட்டது. இருபது குண்டு டப்பாவில் ஆறு சோதனைக்கு, மீதி காட்டுக்கு. ஈயம் வார்த்த காலத்தில் ஒரு மாலையில் நாற்பது சுடுவாராம். செலவு விறகு மட்டும். அப்போது துப்பாக்கியைத் தெரிந்திருந்தது என்றார். அந்தச் சொல் என்னை வெகுநாள் தொந்தரவு செய்தது. தடை பறவையைக் காக்கிறது, சரி. அதே தடை, பயிற்சியைச் சுருக்கி, மோசமாகக் குறிவைக்கிறவர்களைக் காட்டுக்கு அனுப்பினால், காயத்தோடு ஓடிப் புதருக்குள் சாகிற மானுக்கு யார் பொறுப்பு? இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. சுடுகிறவரிடம்தான் இருக்க முடியும்.

அவரிடம் இருந்தது. இரண்டாம் வாரம் அவர் செய்ததைப் பார்த்து எனக்கு முதலில் விளங்கவில்லை. புதிய காகிதம் ஒன்றை ஒட்டினார். சுத்தமான, காலைக் குளிரில் இருந்த குழலில் மருந்து கெட்டித்து ஒரே ஒரு குண்டு சுட்டார். அந்தக் காகிதத்தைக் கழற்றிச் சுருட்டி, பின் கார் டிக்கியில் வைத்தார். மற்ற குண்டுகளை வேறு காகிதங்களில் சுட்டார். மூன்றாம் சனிக்கிழமை அந்தச் சுருட்டிய காகிதம் திரும்பக் குறிப்பலகைக்கு வந்தது. மறுபடி சுத்தமான குழல், முதல் குண்டு, ஒரே ஒரு துளை. மறுபடி டிக்கி. அப்போதுதான் புரிந்தது. இடியனோடு போகிற மனிதன் மானுக்குக் கொடுப்பது எப்போதும் முதல் குண்டைத்தான். துடைத்த குழல், ஆறிய இரும்பு, ராத்திரி கெட்டித்த மருந்து. மேசையில் உட்கார்ந்து எவ்வளவு துடைத்தாலும் கரி மிஞ்சிய, காலைக் குளிர் நீங்கிய குழலில் சுடும் இரண்டாம், மூன்றாம் குண்டுகள் காட்டில் நடப்பதே இல்லை. அப்படியிருக்க அவற்றை ஏன் அளக்க வேண்டும்? ஒவ்வொரு நாளின் முதல் குண்டையும் ஒரே காகிதத்தில் சேர்த்தால், அதுதான் இந்தத் துப்பாக்கியும் இந்தக் கையும் ஒரு மானுக்குத் தரக்கூடிய வாக்கு. வித்தியாசம் உடனே தெரிந்தது. அவருடைய முதல் குண்டுகள், பின்னால் சுட்டவற்றைவிட எப்போதும் இரண்டு அங்குலம் மேலே விழுந்தன. மூன்று துளைக் கூட்டத்தை நம்பிப் பார்வையைத் திருத்தியிருந்தால், காட்டில் ஒவ்வொரு குண்டும் இரண்டு அங்குலம் தவறியிருக்கும்.

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் மேசைக்கு முன்னால் புல்லில் நடந்து சபோவைத் தேடி எடுத்து வருவது என் வேலை. பத்துப் பதினைந்து கஜத்துக்குள் கிடக்கும். நான்கு இதழும் சமமாக விரிந்து, எருக்கம்பூவைக் கவிழ்த்ததுபோல இருந்தால் குண்டு ஒழுங்காகக் கழன்றிருக்கிறது. அடி கருகியிருந்தாலோ இதழ் கிழிந்திருந்தாலோ ஏதோ நடந்திருக்கிறது. அவர் அவற்றைத் தேதி எழுதிய சிறு பைகளில் போட்டு வைத்தார்.

ஐந்தாம் சனிக்கிழமை வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. முதல் குண்டு நான்கு அங்குலம் வலப்புறம் மேலே போனது. புல்லில் நான் எடுத்த சபோவில் ஓர் இதழ் அடியோடு பிய்ந்திருந்தது. காரணம் கையிலேயே இருக்கிறது, பிளாஸ்டிக்கின் குற்றம், இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமே என்றேன். சொன்னபோது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவர் அந்தப் பிய்ந்த சபோவை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, காட்டிலும் இதே டப்பாவிலிருந்து எடுத்ததைத்தான் போடப்போகிறேன், மானுக்கு இந்தக் காரணத்தை யார் போய்ச் சொல்வது என்றார். துளையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு 5 என்று எழுதினார்.

நான் பிழைப்புக்குச் செய்கிற வேலையிலும் சோதனை உண்டு. ஒவ்வாத முடிவு ஒன்று வந்தால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து ஓரமாக ஒதுக்குவதைப் பலமுறை செய்திருக்கிறேன். உடன் வேலை செய்கிறவர்களும் செய்கிறார்கள். காரணம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் அது ஆபத்து. ஒரு தவறுக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அந்தத் தவறே நடக்கவில்லை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பென்சில் வட்டத்தைப் பார்த்ததிலிருந்து என் மேசையில் அப்படி ஒதுக்குவதை விட்டுவிட்டேன்.

செம்புக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். காகிதத்தில் பட்டால் மட்டும் போதாது. முனைக் குழியில் சதையின் ஈரம் புகுந்து, குண்டு ஆறு இதழாக விரிந்தால்தான் விலங்கு விரைவில் சாகும். ஈயம் மெதுவாகப் போனாலும் நசுங்கும். செம்பு விரிய வேகம் வேண்டும். இடியனின் குண்டு வாயிலிருந்து கிளம்பும்போதே நவீன ரைஃபிளின் வேகம் கிடையாது. தூரம் போகப் போக அதுவும் வடிந்துவிடும். அதற்காகவே இடியனுக்கான செம்புக் குண்டுகளில் குழியை அகலமாக வைக்கிறார்கள். நன்றாக விரிந்த செம்பு தன் எடையில் அநேகமாக எதையும் உதிர்ப்பதில்லை. குடல் குவியலில் காண்டோருக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. ஆனால் தூரம் மிஞ்சினால் விரியாமல் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே தூரம் என்பது குறியின் கணக்கு மட்டும் இல்லை.

ஆகஸ்டில் பத்தாவது சனிக்கிழமை வந்தது. கடைசித் துளை விழுந்ததும் காகிதத்தைச் சிமெண்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் குண்டு டப்பாக்களை வைத்து, வெர்னியரால் அளந்தார். நான் எழுதினேன். எட்டுத் துளைகள் நான்கு அங்குலத்துக்குள். ஐந்தாம் எண்ணைச் சேர்த்தால் ஆறரை. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தை எட்டு அங்குல வட்டமாக வைத்துக்கொள்வது இங்கே வேட்டைக்காரர்களின் வழக்கம். ஆறரை எட்டுக்குள் அடங்குகிறதே என்றேன். இது மேசை, இது மணல் மூட்டை, மூச்சு வாங்கவில்லை, கை நடுங்கவில்லை என்றார். முதல் நாளின் ஒன்றேகால் அங்குலக் காகிதத்தை டிக்கியிலிருந்து எடுத்து வந்து இதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே துப்பாக்கி சுட்டவை.

பார்வையை இரண்டு அங்குலம் கீழே இறக்கினார். அந்த டப்பாவில் மிஞ்சிய சபோக்களை ஒதுக்கி, வேறு சபோ வாங்கினார். வாங்கியதோடு மேலும் ஐந்து சனிக்கிழமை முதல் குண்டு சுட வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். அக்டோபர் கடைசியில் குலுக்கலில் கிடைத்த அனுமதிச் சீட்டோடு மலைக்குப் போனபோது, தன் எல்லை எழுபது கஜம் என்று துப்பாக்கிக் கட்டையில் டேப் ஒட்டி எழுதியிருந்தார். மூன்றாம் நாள் ஒரு கலைமான் தொண்ணூறு கஜத்தில் முழு விலாவையும் காட்டிக்கொண்டு நின்றதாம். சுடவில்லை. ஐந்தாம் நாள் கெட்டித்த மருந்தை மண்மேட்டில் சுட்டு வெளியேற்றிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினார்.